நகை போட்ட நட்சத்திரம்

நைன்டி டூ என்று, மகளைப் பற்றி மேடையில் வாசித்துக்கொண்டிருந்த சார் மைக்கில் சொன்னதும் இஞ்ஞாசியம்மாளின் விரலிடுக்கில் நகர்ந்துகொண்டிருந்த ஜெபமாலை மணி அப்படியே நின்றுவிட்டது. போச்சு. ஜெசிந்தா பிறந்த வருஷம் அதுதான், தொண்ணூற்றிரண்டு, மழைக்காலம், ஆஸ்பத்திரி வராண்டாவில் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். டாக்டர் பட்டத்துக்குக் கடைசிப் பரீட்சை, மேடையில் நின்று பேச வேண்டும், கேள்வி கேட்பார்கள், பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என்று மகள் சொல்லியிருந்தாள். பிறந்த வருஷத்தையும் வாசிப்பார்கள் என்று யார் கண்டது. ஆனால் சார் மூச்சை இழுத்துக்கொண்டு "பெர்சன்ட்" என்றார். மார்க்கு. பத்தாம் வகுப்பு மார்க்கைத்தான் சொல்லியிருக்கிறார். மாதாவே, உமக்கு நன்றி. நின்ற மணி மறுபடி நகர்ந்தது, ஆனால் அது எத்தனையாவது மணி என்று இப்போது தெரியவில்லை, போகட்டும், எண்ணிக்கை தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். கடைசி வரிசையில் ஏசி நேராகக் காலில் அடித்தது. வண்டு புகுந்த டப்பா மாதிரி உறுமிக்கொண்டே இருக்கிற பழைய ஏசி. நாற்காலிக்கு அடியில் கேசரி வைத்த தூக்குச்சட்டி இருந்தது, மூடியை எவ்வளவு அழுத்தினாலும் ஏலக்காய் வாசம் கசிந்துகொண்டேதான் இருந்தது. பரீட்சை முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் படிக்கிற பிள்ளையின் வீட்டார்தான் டீயும் பலகாரமும் கொடுக்க வேண்டுமாம், இந்தப் பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு வழக்கம், வெளியூரிலிருந்து கேள்வி கேட்க வந்திருக்கும் பெரியவருக்குப் பொன்னாடையும் உண்டு. தூத்துக்குடியிலிருந்து விடியற்காலை வேனில் இந்தத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு வந்த சூடு இன்னும் தொடையில் இருக்கிற மாதிரி இருந்தது. அவள் புருஷன் ஞானப்பிரகாசம் வெளியே டீ கேனுக்குக் காவல் இருக்கிறார். பக்கத்து நாற்காலியில், மஞ்சள் கரை போட்ட கோட்டா சேலையில், கைப்பையை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு மெற்றில்டா டீச்சர். டெரன்ஸின் அம்மா. டெரன்ஸைத்தான் ஜெசிந்தாவுக்குப் பேசிக்கொண்டிருக்கிறது. இன்னும் முடிவாகவில்லை. அந்த டீச்சரிடம் ஜெசிந்தாவுக்கு இருபத்தொன்பது வயசு என்று இஞ்ஞாசியம்மாள் சொல்லியிருக்கிறாள்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னது இல்லை. அதை எத்தனை தடவை யோசித்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. அடுப்பில் பால். போன் அடித்தது. யாரோ என்று எடுத்தால் டீச்சர். பையன் போட்டோ பார்த்தீர்களா, பங்குச்சாமி சொன்னார்களா என்று பேசிக்கொண்டே வந்தவர் நடுவில், "பிள்ளைக்கு இப்போ என்ன வயசு ஆகுது?" என்று கேட்டார். பால் பொங்கி வந்தது. ஒரு கை போனில், ஒரு கை அடுப்பைத் திருப்பப் போனது, வாய் தன்பாட்டில் இருபத்தொன்பது என்று சொல்லிவிட்டது. பால் பாதி அடுப்பில் வழிந்தது. துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் என்ன சொன்னோம் என்பதே உறைத்தது. திரும்பக் கூப்பிட்டு, டீச்சர், மூணு வயசு குறைச்சுச் சொல்லிட்டேன் என்று எப்படிச் சொல்கிறது. அதுவும் யாரிடம், முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தின டீச்சரிடம். ஞானப்பிரகாசத்திடம் சொன்னபோது அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "உன் வயசக் குறைச்சுக்கோ, யாரு வேண்டாங்கா? அவ வயசக் குறைக்க உனக்கு யாரு அதிகாரம் கொடுத்தது?" என்றார். ஜெசிந்தாவிடம் சொல்லவே இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம் என்று போனாள். "பொய் சொன்னேன் சாமி." "என்ன பொய்மா?" "வயசக் குறைச்சுச் சொல்லிட்டேன் சாமி." அந்தப் பக்கம் இளம் சாமியார் சிரிப்பை அடக்குகிற சத்தம் தட்டி வழியாகவே கேட்டது. "பொம்பளைங்க எல்லாரும் சொல்றதுதான், போங்க, மூணு அருள் நிறைந்த மரியே சொல்லுங்க." தன் வயசு என்று நினைத்துக்கொண்டுவிட்டார். இல்லை சாமி, மகள் வயசு என்று சொல்வதற்குள் ஆசீர்வாதமும் முடிந்துவிட்டது. அப்படியானால் அந்தப் பாவம் போனதா, போகவில்லையா? மூன்று மரியே சொன்னாள், சந்தேகத்துக்கு இன்னும் முப்பது சொன்னாள். போகாத பாவம் ஒன்று வாசல் படியில் செருப்பை மாட்டாமல் நின்றுகொண்டிருக்கிற மாதிரியே இருந்தது. இரண்டு மாசமாக டீச்சரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் அதோடு சேர்ந்து இழுபட்டது. எல்லாம் முடிவாகிவிட்டால் மைனி என்று கூப்பிடலாம், சம்பந்திப் பெண்கள் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வது, மூத்த இரண்டு பிள்ளைகளின் சம்பந்திகளும் அவளுக்கு மைனிதான். முடிவாகாமல் மைனி என்றால் ஆசைப்படுகிற மாதிரி ஆகும். டீச்சர் என்றால் பள்ளிக்கூடம் மாதிரி இருக்கிறது. டீச்சரோ இவளை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "ஏங்க" என்றுகூட இல்லை, நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்.

சார் உட்கார்ந்துவிட்டார், ஜெசிந்தா எழுந்து வந்து விளக்கை அணைக்கச் சொன்னாள். திரையில் ஒரு சுருள் விரிந்தது, தோசைக்கல்லில் மாவைச் சுழற்றின மாதிரி, கைகள் நீலம், நடு மட்டும் மஞ்சளும் சிவப்பும். இது தெரியும். வீட்டில் லேப்டாப்பில் பார்த்திருக்கிறாள். கேலக்ஸி. நம் சூரியன் மாதிரி கோடி கோடி நட்சத்திரம் சேர்ந்த கூட்டம். இங்கிலீஷ் ஓடிக்கொண்டிருந்தது, அதில் ரெட், ப்ளூ, ஓல்டு, யங் என்கிற வார்த்தைகள் மட்டும் தெரிந்த முகம் மாதிரி நடுநடுவே எட்டிப் பார்த்தன. ஓல்டு என்று கேட்கும்போதெல்லாம் ஜெபமாலையில் ஒரு மணி தப்பிப் போனது. மகள் படிக்கிற படிப்பே வயசைக் கண்டுபிடிக்கிற படிப்பாக இருக்க வேண்டுமா? கடல் படித்திருக்கலாம், உப்பு படித்திருக்கலாம், ஊரில் இல்லாத உப்பா. நட்சத்திரத்தின் வயசு. எந்த ஊர்க் கூட்டத்தில் கிழடு அதிகம், எந்தக் கூட்டத்தில் இளசு அதிகம் என்று ஆறு வருஷமாக ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருக்கிறாள். "நீலமா இருக்கிறதுதான் யம்மா இளசு. சூடு அதிகம், ஆட்டம் அதிகம், சீக்கிரம் எரிஞ்சு தீர்ந்திரும். சிவப்பு மெதுவா எரியும், நாள் தாங்கும்" என்று ஒருநாள் வீட்டில் விளக்கினாள். சிவப்புதானே சூடு என்று இவள் கேட்டதற்கு ஜெசிந்தா கேஸ் அடுப்பைக் காட்டினாள். "நீலமா எரிஞ்சா நல்லா எரியுது, சிவப்பா எரிஞ்சா என்ன சொல்லுவ?" "பர்னர் அடைச்சிருக்குன்னு சொல்லுவேன்." "அவ்வளவுதான், பாஸ் ஆயிட்ட." ஒரு கூட்டத்தில் நீலமெல்லாம் எரிந்து போய்விட்டால் மிச்சம் சிவப்பு மட்டும் தெரியுமாம். அப்போது அந்தக் கூட்டத்துக்கு வயசாகிவிட்டது என்று அர்த்தமாம். ஆனால் தூரத்துக் கூட்டத்தில் ஒவ்வொரு நட்சத்திரமாகப் பார்க்க முடியாது, எல்லா வெளிச்சமும் கலந்து ஒரே வெளிச்சமாகத்தான் வரும். "கோயிலுக்கு வெளிய நின்னு பாட்டு மட்டும் கேட்டு, உள்ள எத்தனை கிழவி, எத்தனை சின்னப்பிள்ளைன்னு சொல்லணும். அதுதான் என் வேலை." அதைக் கேட்டதும் இஞ்ஞாசியம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, சொல்லப்போனால் ஜெசிந்தா எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே விளங்கிவிட்டது. ஏனென்றால் அவளால் சொல்ல முடியும். நாள் பூசையில், வாரநாள் விடியற்காலையில், பாடுவது அவளும் அவள் வயசுக்காரிகளும்தான், கரகரவென்று, எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி, ஒரே இடத்தில் இழுத்து. ஞாயிற்றுக்கிழமை ஞானோபதேசப் பிள்ளைகள் வந்தால் பாட்டு வேறு, மேலே மேலே போகும், பாதி வார்த்தை தப்பு, ஆனால் கோயில் ஓடு அதிரும். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை கோயில் இந்தச் சுருள். நாள் பூசைக் கோயில்?

நாள் பூசைக் கோயில் இப்போது திரையில் வந்தது. சுருள் இல்லை, கை இல்லை, அவித்த முட்டையை மங்கலான விளக்கில் வைத்த மாதிரி ஒரு வெளிச்சம், மஞ்சள் சிவப்பு. இதில் எல்லாம் வயசானவைதான், புதிதாக ஒன்றும் பிறப்பதில்லை என்று ஜெசிந்தா வீட்டில் சொல்லியிருக்கிறாள். பிறப்பதற்கு வேண்டிய சரக்கு தீர்ந்துவிட்டதாம். இதைப் பார்த்தபோது அன்றைக்கே இஞ்ஞாசியம்மாளுக்குத் தன் வீடுதான் ஞாபகம் வந்தது, ஞாபகம் என்ன, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டுதானே பார்த்தாள். மூத்தவன் பெனடிக்ட் மஸ்கட்டில், நடுவுள்ளவள் கோயம்புத்தூரில், ஜெசிந்தா ஹாஸ்டலும் மலையில் இருக்கிற டெலஸ்கோப்பும் என்று, வீட்டில் இவளும் ஞானப்பிரகாசமும் இரண்டு சிவப்பு, மெதுவாக எரிந்துகொண்டு, ஒருத்தர் சுகரை ஒருத்தர் கேட்டுக்கொண்டு. ஆனால் மனசுக்கு அது வருத்தமாகவும் இல்லை. சாயங்காலம் ஜெபம் சொல்லி முடித்துவிட்டு மொட்டை மாடியில் கொடியில் கிடக்கும் துணியை எடுக்கப் போனால் மேற்கே வானம் சிவந்துகொண்டு வரும், கையில் துணியின் வெயில் சூடு, கீழே அவர் டிவியில் செய்தி வைத்திருக்கும் சத்தம், அப்போது ஒன்றும் குறையில்லை என்றே இருக்கும். பயம் வருவது வேறு இடத்தில். பயம் ஜெசிந்தாவுக்காக. ஆறு வருஷம் கிழட்டுக் கூட்டத்தையே பார்த்துப் பார்த்து இந்தப் பிள்ளையும் அதில் போய் உட்கார்ந்துவிடுமோ. டெரன்ஸை அவளுக்குப் பிடித்திருக்கிறது. சொல்லவில்லை. ஆனால் இரண்டாவது தடவை பார்த்துவிட்டு வந்த அன்று சட்டி கழுவும்போது பாடினாள், பாடவே பாடாத பிள்ளை. அந்தப் பாட்டை நான் கெடுத்துவிடக் கூடாது மாதாவே. மன்றாட்டு மாலையில் உம்மை விடியற்கால நட்சத்திரம் என்று நாங்கள் கூப்பிடுகிறோம், இவள் அது நட்சத்திரமே இல்லை யம்மா, வெள்ளிக் கிரகம் என்கிறாள். அதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாதேயும். சின்னப்பிள்ளை. முப்பத்திரண்டு வயசுச் சின்னப்பிள்ளை. பாரும், மனசுக்குள் உம்மிடம் சொல்லும்போது சரியான வயசுதான் வருகிறது, பக்கத்தில் இருக்கிற மனுஷியிடம்தான் வராமல் போய்விட்டது. இஞ்ஞாசியம்மாள் ஓரக்கண்ணால் பார்த்தாள். டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மடியில் அவர் வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஒவ்வொன்றாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கணு, அடுத்த கணு, நிற்கும், திரும்ப முதலிலிருந்து. ஜெபமாலை கொண்டுவர மறந்து விரலிலேயே சொல்கிறார்கள் போல. என் பிள்ளைக்காக அவர்களும் ஜெபிக்கிறார்கள். அந்த மனுஷியிடமா பொய் சொன்னேன். ஏசிக் காற்று கண்ணில் பட்டது என்று சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள்.

அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. என்ன, என்ன ஆச்சு? முன் வரிசையில் இரண்டு பேர் திரும்பி இவளைப் பார்த்தார்கள். இன்னும் நாலு பேர் திரும்பினார்கள். ஜெசிந்தா மேடையிலிருந்து இவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே "மை மதர்" என்றாள், "ஜுவல்ஸ்" என்றாள். ஏட்டி, அதையா சொல்லிவிட்டாய். டீச்சர் குனிந்து காதருகே வந்து, "நகை உதாரணம் நீங்க சொன்னதாமே" என்றார். உடம்பு முழுவதும் சூடேறி, ஏசியையும் மீறி நெற்றியில் வேர்த்தது. அது ஒன்றும் உதாரணம் சொல்ல வேண்டும் என்று சொன்னது இல்லை. பெனடிக்டின் மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து ஜெசிந்தா லேப்டாப் முன்னால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னட்டி என்றால், "சிவப்பா இருந்தா வயசுன்னு சொன்னேன்ல யம்மா, அங்கதான் இடிக்குது. உலோகம் அதிகம் இருந்தாலும் சிவப்பாத்தான் தெரியும். வயசால சிவப்பா, உலோகத்தால சிவப்பா, பிரிக்கவே முடியல." இவர்கள் படிப்பில் உலோகம் என்றால் பொன்னும் இரும்பும் மட்டும் இல்லையாம், மூச்சு விடுகிற காற்றில் இருப்பதும் அடுப்புக் கரியில் இருப்பதும்கூட உலோகமாம், லேசான இரண்டு வாயுவைத் தவிர மிச்சம் எல்லாமே. அதுக்கென்னட்டி அப்படி ஒரு கண்டமேனிக்குப் பேர் என்றதற்கு, நாங்க சோம்பேறிங்க யம்மா என்றாள். முதலில் பிறந்த நட்சத்திரங்களில் உலோகமே கிடையாது, அதுகள் தமக்குள்ளே சமைத்துச் செத்துப்போய் வெளியே விட்டதைத்தான் பின்னால் பிறந்தவை எடுத்துக்கொண்டு பிறந்தனவாம். அதனால் பின்னால் பிறந்தவற்றில்தான் உலோகம் அதிகம். இஞ்ஞாசியம்மாள் அப்போது கல்யாண வீட்டு அலுப்பில் காலை நீட்டிக்கொண்டு, "அந்தக் கல்யாணப் பொண்ண பாத்தியா, இருபத்திரெண்டு வயசுப் பிள்ளை, கழுத்து கொள்ளாம நகையப் போட்டு, அவ அம்மாவுக்கு அக்கா மாதிரி ஆக்கி வச்சிட்டாங்க. நகையைக் கழட்டிட்டுப் பாத்தாத்தான் பிள்ளை வயசு தெரியும்" என்றாள். தன்பாட்டுக்குச் சொன்னதுதான். ஜெசிந்தா அவளை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் தரையில் படுத்துப் படுத்துச் சிரித்தாள். "யம்மா, அதத்தான் யம்மா பண்ணிட்டிருக்கேன். நகையை வேற, வயச வேறன்னு காட்டுற கோடு ஒண்ணு வெளிச்சத்துல இருக்கு, அதத்தான் தேடுறேன்." இன்றைக்குக் காலையில் இவள் இரட்டை வடச் சங்கிலியை நீட்டியபோது, "நகை போட்டா வயசு கூடத் தெரியும், நீதான சொன்ன" என்று பழைய மெல்லிசுச் சங்கிலியோடு கிளம்பிவிட்டாள். கோபம் வந்த மாதிரி காட்டிக்கொண்டாலும், கண்ணாடி முன்னால் அவளைப் பார்த்தபோது இஞ்ஞாசியம்மாளுக்கு உள்ளே ஒரு அற்ப சந்தோஷம். இருபத்தொன்பது என்றால் யாரும் நம்புவார்கள். கர்த்தரே, அந்த நேரத்திலும் எனக்குப் புத்தி எங்கே போயிற்று பாரும்.

பேச்சு முடிந்து விளக்கு வந்தது, கைதட்டினார்கள், இனி கேள்வி. வெளியூர்ப் பெரியவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார். அந்த இடைவெளியில் டீச்சர் மெதுவாக, "நல்லா பேசுது பிள்ளை. பயமே இல்ல. டெரன்ஸ் வரணும்னு சொன்னான், லீவு கிடைக்கல. போன வாரம்தான் அவனுக்குப் பிறந்தநாள் வந்துச்சு, முப்பத்தொண்ணு முடிஞ்சிருக்கு" என்றார். "அப்படியா டீச்சர்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். முப்பத்தொண்ணு. தெரிந்ததுதான், ஆனால் அவர் வாயால் கேட்கும்போது வேறு மாதிரி விழுகிறது. பையனைவிடப் பெண் மூத்தது. ஒரு வயசு. ஊரில் அதற்கு ஒரு வீடும் ஒத்துக்கொள்ளாது, பத்து நாள் மூத்தது என்று ஒரு சம்பந்தத்தையே விட்டவர்களை அவளுக்குத் தெரியும். சொன்னால் போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாண அறிவிப்பாகக் கோயிலில் ஓலை வாசிக்கும்போது பதிவேட்டில் ஞானஸ்நானத் தேதி வந்துவிடும், எப்படியும் வந்துவிடும், அப்போது போனால் ஜெசிந்தா முகத்தில் எப்படி விழிப்பது. எப்படிப் பார்த்தாலும் அந்த மூன்று வருஷம்தான் வந்து மறிக்கிறது. அந்த மூன்றை நான் எங்கேயிருந்து எடுத்தேன்? பால் பொங்கின நேரத்தில் வாய் ஏன் இரண்டு என்று குறைக்கவில்லை, ஐந்து என்று குறைக்கவில்லை? இரண்டு வருஷம் கொரோனா. மலையில் டெலஸ்கோப்பைப் பூட்டிவிட்டார்கள், பிள்ளை வீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்த இரண்டு வருஷம் யாருக்கும் நடக்கவே இல்லை, அதை எப்படி வயசு என்று சொல்வது. மூன்றாவது. மூன்றாவதை நினைக்கும்போது அடிவயிற்றுத் தையல் இருந்த இடத்தில் இப்போதும் லேசாக இழுக்கும். கர்ப்பப்பை எடுத்த வருஷம். புண் ஆறாமல் திரும்பத் திரும்பத் திறந்து தைத்தார்கள். மூத்தவனுக்கு அப்போதுதான் வேலை, நடுவுள்ளவள் கைக்குழந்தைக்காரி. ஜெசிந்தா எம்.எஸ்சி. சேர வேண்டிய வருஷம், சீட்டும் வந்திருந்தது, அடுத்த வருஷம் போனா நட்சத்திரம் எங்கயும் ஓடிறாது யம்மா என்று சொல்லிவிட்டு வீட்டில் இருந்தாள். துணி மாற்றுவாள், கஞ்சி ஆற்றுவாள், மொட்டை மாடிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் உட்காரவைத்து அது கார்த்திகைக் கூட்டம், அது சப்தரிஷி என்று காட்டுவாள். ஒரு வருஷம் முழுசாக அவள் என் உடம்பில் இருந்தாள், முன்னொரு காலத்தில் பத்து மாசம் இருந்த மாதிரி. அந்த வருஷத்தை அவள் கணக்கில் எழுத என் வாய் ஒத்துக்கொள்ளவில்லை. அதுதான் நடந்தது. பொய் பொய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது அங்கேயிருந்துதான் வந்தது என்று இப்போதுதானே தெரிகிறது. தெரிந்ததும் மனசு கனத்துப் போகாமல், விநோதமாக, லேசாகிவிட்டது. போனால் போகட்டும். இந்தப் பிள்ளைக்கு நகையும் வேண்டாம், நான் மாட்டிவிட்ட பொய்யும் வேண்டாம், கழட்டிவிடலாம். இப்போதே.

கேள்விகள் நடந்துகொண்டிருந்தன. பெரியவர் இங்கிலீஷில் கேட்டுக் கேட்டு, கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சரிம்மா, உங்க வீட்டுக்காரங்க வந்திருக்காங்க, அவங்களுக்கும் புரியட்டும், தமிழ்லயே கேக்கேன். அந்தச் சின்ன கேலக்ஸி ஒண்ணு காமிச்சியே, பிள்ளையா கிழமான்னு எல்லாரும் சண்டை போடுறது. நகையெல்லாம் கழட்டிப் பாத்தாச்சு. இப்ப வயசு என்ன? ஒரு நம்பர் சொல்லு" என்றார். ஜெசிந்தா திரும்பிப் படத்தைத் தேடினாள். இதுதான் நேரம் என்று இஞ்ஞாசியம்மாள் டீச்சர் பக்கம் சாய்ந்தாள். ஏசி உறுமலில் காதில் விழ வேண்டுமே என்று கொஞ்சம் அழுத்தியே சொல்லத் தொடங்கினாள். அதே நொடியில் கரண்ட் போயிற்று. திரை போயிற்று, விளக்கு போயிற்று, ஏசி ஒரு முக்கல் முக்கி அடங்கிற்று. அந்த இருட்டில், அந்த நிசப்தத்தில், ஏசிக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று எடுத்த குரல் தனியாக நின்றது: "முப்பத்திரண்டு, டீச்சர். முப்பத்திரண்டு." முன் வரிசையில் நாற்காலிகள் கிரீச்சிட்டுத் திரும்பின. பிறகு முன்னாலிருந்து பெரியவரின் குரல், "யாரும்மா அது பின்னால? முப்பத்திரண்டு என்ன, கோடி வருஷமா?" என்றது. பூமி பிளந்து, இந்த நாற்காலியையும் கேசரித் தூக்கையும் சேர்த்து விழுங்கிவிடட்டும் மாதாவே. ஜன்னல் திரையை யாரோ விலக்கினார்கள், பகல் வெளிச்சம் ஒரு பட்டையாக மேடையில் விழுந்தது. ஜெசிந்தா கடைசி வரிசையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள், பக்கத்தில் டீச்சரைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். இஞ்ஞாசியம்மாளுக்கு அந்தப் பார்வை தெரியும், சர்க்கரை டப்பா மூடி மாறியிருந்தாலே யார் எடுத்தது என்று கண்டுபிடிக்கிற பார்வை. எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு. உதட்டைக் கடித்தாள், முடியவில்லை, சிரிப்பு வந்துவிட்டது. "இல்ல சார், அது என் வயசு" என்றாள். "இன்னிக்கு இங்க சொன்ன வயசுகள்லயே கூடக் குறைய வராதது அது ஒண்ணுதான் சார். கேலக்ஸிக்கு எழுநூறு கோடி வருஷம், நூறு கோடி முன்னப்பின்ன இருக்கலாம்." அரங்கம் சிரித்து அடங்கப் பார்த்தது, பெரியவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்ததில் மறுபடி தொடங்கிற்று. "எனக்கு வேற கேள்வி இல்ல" என்றார் அவர். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். முடிந்தது. பாஸ். டாக்டர் ஜெசிந்தா என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். கரண்ட் இன்னும் வரவில்லை.

கைதட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தே இருந்தவர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். இஞ்ஞாசியம்மாள் தன் மடியைப் பார்த்துக்கொண்டு, "வேணும்னு சொல்லல டீச்சர்" என்றாள். டீச்சர் கைப்பையை நேராக்கி வைத்தார். ஏலக்காய் வாசம் இப்போது, ஏசி நின்ற பிறகு, பளிச்சென்று மேலே வந்தது, இந்த நேரத்திலும் கேசரிக்கு முந்திரி கொஞ்சம் அதிகமாக வறுபட்டுவிட்டது என்று மனசின் ஒரு மூலை நினைத்தது. "பிளஸ் டூ பதினேழு வச்சேன்" என்றார் டீச்சர், கட்டைவிரலை விரல் கணுவில் வைத்து. "காலேஜ் மூணு. மேல ரெண்டு. நடுவுல வேலைக்குப் போனது மூணு. இது ஆறு. அந்த சார் வாசிக்கும்போதே கூட்டிட்டேன். முப்பத்தொண்ணு வந்துச்சு." அப்படியானால் அது ஜெபமில்லை. கணக்கு. இத்தனை நேரம் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது கணக்கு. "பொண்ணு வீட்ல ரெண்டு குறைச்சுச் சொல்லுறது உலகத்துல உள்ளதுதான், என் அம்மா எனக்கு நாலு குறைச்சா. ரெண்டு பேருக்கும் ஒரே வயசு, சரின்னு மனசத் தேத்திக்கிட்டேன். ஆனா முப்பத்திரண்டுங்கிறீங்க. ஒரு வருஷம் உதைக்குதே. அந்த வருஷம் பிள்ளை என்ன பண்ணுச்சு?" கட்டைவிரல் ஒரு கணுவில் அழுத்தி நின்றது. இஞ்ஞாசியம்மாள் நிமிர்ந்தாள். மறைக்க இனி ஒன்றும் இல்லை என்கிறபோது குரல் என்ன இவ்வளவு சாதாரணமாக வருகிறது. "எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாங்க. புண்ணு ஆறல. அவ படிப்ப நிறுத்திட்டு வீட்ல இருந்து என்னப் பாத்தா. பிள்ளையப் பாக்குற மாதிரி பாத்தா." டீச்சர் கணுவையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடைப் பக்கம் பொன்னாடை பிரிக்கிற சரசரப்பு. ஞானப்பிரகாசம் கதவை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, டீ கொண்டாரவா என்று சைகையில் கேட்டார், ஒருத்தரும் கவனிக்கவில்லை. டீச்சர் கட்டைவிரலை அந்தக் கணுவிலிருந்து எடுத்தார். கையை விரித்துக் கைப்பை மேல் வைத்தார். "அப்போ அத எப்படி அவ வயசுல சேக்குறது? அது உங்க கணக்குல வார வருஷம் மைனி. அவளுக்கு முப்பத்தொண்ணுதான்" என்றார்.

அவர் அதைச் சொல்லிவிட்டு எழுந்து, சேலைக் கொசுவத்தைத் தட்டிவிட்டு, மேடையிலிருந்து இறங்கி வருகிற ஜெசிந்தாவைப் பார்த்து நின்றார். இஞ்ஞாசியம்மாளுக்கு நடுவில் வந்த ஒரு வார்த்தை மட்டும்தான் காதுக்குள் நின்றது, மற்றதெல்லாம் அதைச் சுற்றிக்கொண்டிருந்தது. சொன்னாரா? சொன்னார். தெளிவாகத்தான் சொன்னார். கணக்கு டீச்சர் வாயில் தெரியாமல் ஒரு வார்த்தை வருமா. முந்தானைக்குள் கை தன்பாட்டில் ஜெபமாலையைத் தேடிற்று. எந்த மணியில் விட்டோம் என்று தெரியவில்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும், அல்லது வேண்டாம், இத்தனை நேரம் மனசில் ஓடினதெல்லாமும் அதில் சேர்ந்துகொள்ளட்டும். குனிந்து நாற்காலிக்கு அடியிலிருந்து தூக்கை இழுத்தாள். இன்னும் சூடு இருந்தது. மூடியைத் திறந்தாள். பதில் சொல்ல வேண்டுமே, அந்த வார்த்தையை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் கடித்தது, ஆனாலும் அளவு சரியாகத்தான் இருந்தது.

"கேசரி ஆறிரும்" என்றாள் இஞ்ஞாசியம்மாள். "அந்தத் தட்ட கொஞ்சம் எடுங்க, மைனி."